நீலகிரியில் ஒரு கருத்துக்கூடல்: அதன் தொனியையும் அடையாளத்தையும் திட்டமிடுவது எப்படி?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ, பலர் மேடையேறிச் சிறு உரைகள் ஆற்றும் ஒருநாள் கருத்துக்கூடல் நடத்த விரும்பும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும்போது, பெரும்பாலும் மூன்றை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டு வருகிறார்கள்: ஓர் இலச்சினை, ஒரு மண்டபம், சமவெளியிலிருந்து வரச் சம்மதித்த ஒரு பிரபலப் பேச்சாளர். அதன் பிறகுதான், நிகழ்ச்சி நம் மலையின் நிகழ்ச்சியாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. அவ்வளவு தாமதமாக வரும் எண்ணத்தால் செய்ய முடிவது மிகக் குறைவு. தொடக்கத்தில் ஒரு பழங்குடி நடனம், மேடைக்குப் பின்னால் ஒரு மலைப் படம், விருந்தினர் தோளில் ஒரு சால்வை என்று அது முடிந்துவிடும். ஒரு கூடலின் அடையாளத்தை உண்மையில் தீர்மானிப்பவை வேறு: கேள்வியை யார் கேட்கிறார்கள், எந்த மொழியில் பேசப்படுகிறது, எந்த நாளில் எத்தனை மணிக்குக் கூட்டம் நடக்கிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பவையே அவை. சுவரொட்டி அச்சாவதற்கு முன்பே இவற்றை முடிவுசெய்வதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கருத்து எனக்கு ஒரு மாலைப் பொழுதில் உறைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் துணைப் பொறுப்பில் இருந்த ஒரு கூட்டத்துக்குக் கோத்தர் இசைக்கலைஞர்களை அழைத்திருந்தோம். சிறப்பு விருந்தினரை வாசலில் நின்று வாசித்து வரவேற்பதே அவர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த வேலை. விருந்தினர் வரச் சுமார் ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. பனிமூட்டம் இறங்கி, ஈரக்காற்றில் பறைத்தோல் தொய்ந்துவிட்டது. தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றக் கொஞ்சம் சுள்ளி மூட்டித் தீ போட்டுக்கொள்ளலாமா என்று மூத்த கலைஞர் கேட்டார். வளாகத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்று மண்டபத்தார் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கார் வந்து நின்றதும், "ஐந்து நிமிடம் போதும், சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்" என்று எங்களில் ஒருவர் அவர்களிடம் சொன்னார். தொய்ந்த தோலில் எழுந்த அந்த மந்தமான ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றைய உரைகளின் தலைப்புகளில் ஒன்று 'மலையின் மரபைக் காப்போம்' என்பது. அந்தத் தலைப்புக்கும் வாசலில் நாங்கள் நடந்துகொண்ட விதத்துக்கும் இடையே இருந்த தூரத்தை, வந்திருந்த ஒவ்வொருவரும் வாய் திறவாமலே உணர்ந்தார்கள்.

முதல் வேலை: குழு

ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட குழு போதும். ஆனால் அதில் யார் இருக்கிறார்கள் என்பதில் அவசரம் கூடாது. தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரும் இந்த ஒரு மாவட்டத்தில் வாழ்கிறார்கள். படுகர் ஊர்கள் மாவட்டம் முழுவதும் பரவியிருக்கின்றன. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழர்களின் மூன்றாம் தலைமுறை இங்கே வளர்ந்து நிற்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் அன்றாட மொழி. இவர்கள் அத்தனை பேரிலிருந்தும் ஆளுக்கொருவரைச் சேர்ப்பது நடைமுறையில் இயலாது; அப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பது நல்லதும் இல்லை. குழுவில் பாதிப்பேராவது தங்கள் சொந்த ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களாக இருந்தால் போதும். மற்ற ஊர்களின் கதவுகளை அவர்கள் திறந்துகொடுப்பார்கள்.

அந்த ஊர்களுக்குக் குழு நேரில் போக வேண்டும். தொலைபேசி அழைப்பு போதாது. படுகர் ஹட்டி, அதாவது படுகர் ஊர் என்றால் முதலில் ஊர்த் தலைவரான கௌடரைப் பார்க்க வேண்டும். தோடர் குடியிருப்பான மந்து என்றால் அங்குள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பி, எருமைக் கொட்டில்களுக்கும் கோயிலுக்கும் அருகில் எதுவரை போகலாம் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த ஊரானாலும், முதல் சந்திப்பில் யாரையும் மேடைக்கு அழைக்காதீர்கள். "இப்படி ஒரு கூட்டம் நடத்த நினைக்கிறோம், எதைப் பற்றிப் பேசினால் உங்களுக்குப் பயன்?" என்று கேட்டுவிட்டு, கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்புங்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வியே தொனி

இப்படிக் கேட்டுத் திரும்பும்போது கையில் நிறையக் கேள்விகள் சேர்ந்திருக்கும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காத சிறு விவசாயியின் பிள்ளை அந்தத் தோட்டத்தை என்ன செய்வது? சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் நட்ட சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிய பிறகு அங்கே என்ன வளரும், யார் வளர்ப்பது? சீகூர் யானை வழித்தடம் பற்றி 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எப்படி மாறுகின்றன? வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தேன் எடுக்கப் பாறையில் இறங்கும் குறும்பருக்கு அதனால் நடைமுறையில் கிடைத்தது என்ன? வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்ன மொழியைக் கொடுக்கிறது? இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கேள்வி. அதுவே உங்கள் கூடலின் கருப்பொருள்.

'எல்லையற்ற சிறகுகள்', 'நாளைய விடியல்' போன்ற தலைப்புகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எந்த ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் அவை பொருந்திவிடும்; அதுவே அவற்றின் குறை. தெளிவான கேள்வி ஒன்று இருந்தால் பேச்சாளர் தேர்வு எளிதாகிறது, வரும் மக்களுக்கும் எதற்காக வருகிறோம் என்று தெரிகிறது. வெற்றிக்கதைகளின் அணிவகுப்பாகக் கூட்டம் மாறிவிடாமல் தடுப்பதும் அந்தக் கேள்விதான். கேள்விக்குத் தொடர்பில்லாத வெற்றி எவ்வளவு பெரியதானாலும், அதை மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லக் குழுவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பெயரும் இதோடு சேர்ந்து முடிவாக வேண்டிய ஒன்று. குறிஞ்சிப் பூவைப் பெயராக வைக்க எல்லோருக்கும் ஆசை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இலும் 2018-இலும் பூத்தது. ஆண்டுதோறும் நடக்கவேண்டிய கூட்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 'நாக்குபெட்டா' என்பது படுகர்கள் இந்த மலைநாட்டுக்குச் சொல்லும் பெயர். தொதநாடு, பொறங்காடு, மேற்குநாடு, குந்தைநாடு என்ற நான்கு சீமைகளை உணர்த்துவது. அழகான சொல்தான். ஆனால் ஒரு சமூகத்தின் சொல்லைப் பொதுப்பெயராக எடுத்துக்கொள்ளும் முன் அந்தச் சமூகத்தாரிடமும் மற்றவர்களிடமும் கேட்டாக வேண்டும். கேட்டபோது தயக்கம் தெரிந்தால், ஊர்ப்பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். 'கோத்தகிரி கருத்துக்கூடல்' என்பதில் எந்தக் குறையும் இல்லை. கோத்தகிரி என்ற பெயருக்குள்ளேயே கோத்தர் இருக்கிறார்கள்.

உரிமம் வாங்குவதா வேண்டாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. சிறு உரைகளுக்குப் பெயர்பெற்ற டெட் (TED) மாநாடு அமெரிக்காவில் 1984-இல் தொடங்கியது. அதன் பெயரில் உள்ளூர்க்காரர்கள் உரிமம் பெற்றுத் தாங்களே நடத்தும் டெட்எக்ஸ் (TEDx) நிகழ்ச்சிகள் 2009-இல் வந்தன. அந்த உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. உரை 18 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, பேச்சாளருக்குச் சன்மானம் தரக் கூடாது, விளம்பரதாரர் மேடையேறக் கூடாது, கட்சிப் பிரசாரமும் மதப் பிரசாரமும் கூடாது என்பன அதன் விதிகள். உரிமதாரர் டெட் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டவராக இல்லாவிட்டால், பார்வையாளர் 100 பேருக்கு மிகக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை நல்ல விதிகள். உரிமம் வாங்காவிட்டாலும் நேர வரம்பையும் விளம்பரதாரர் பற்றிய விதியையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எனக்கு உறுத்துவது சன்மானம் பற்றிய விதி. நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ஒருவர் பேச வந்தால், அந்த நாளின் கூலியை அவர் இழக்கிறார். அதை ஈடுசெய்யாமல் அவரை அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே முதல் ஆண்டு சொந்தப் பெயரில் நடத்துங்கள். பேச்சாளருக்கு உரியதைக் கொடுங்கள். உரிமம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், தோட்டங்களுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கூட்டத்தை வையுங்கள்.

நாளும் பொழுதும்

நாள் குறிப்பதில் மலையின் நாள்காட்டியே முதன்மை. ஏப்ரல், மே மாதங்களில் சாலைகளும் விடுதிகளும் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பிவிடும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கத்தை அடித்துப் பெய்யும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண்ணைச் சரிக்கும். மலை ரயில் நிற்பதும் அப்போதுதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனியோடு படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவும், கோத்தர்களின் அய்யனோர் திருவிழாவும், தோடர்கள் முத்தநாடு மந்தில் கூடும் விழாவும் வருகின்றன. அந்த நாள்களில் கூட்டம் வைத்துவிட்டு அந்தச் சமூகத்தார் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை. பிப்ரவரியின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் தேர்வு. பள்ளித் தேர்வுக் காலம் தொடங்கியிருக்காது, வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடித்துவிடுங்கள். மாலை விருந்து, இரவு இசை நிகழ்ச்சி எல்லாம் நகரத்துப் பழக்கம். இங்கே கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் பனிமூட்டத்தில், காட்டெருமையும் கரடியும் நடமாடும் தேயிலைக் காட்டுப் பாதையில் நடந்து போக வேண்டியிருக்கும். ஐந்து மணிக்கு முடியும் கூட்டத்தில் நான்கு மணிக்கே பின்வரிசைகள் காலியாவதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து போகிறவர்கள் எல்லோரும் தொலைவிலுள்ள ஊர்க்காரர்கள். இருந்து கைதட்டுகிறவர்கள் கார் உள்ளவர்கள். கடைசி உரையை யார் கேட்கிறார்கள் என்பதை இப்படிப் பேருந்து அட்டவணை முடிவுசெய்துவிடும்.

மொழி: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

பொதுமொழி தமிழ் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேடைத் தமிழ் ஒருவகை அச்சத்தை உண்டாக்குகிறது. ஒருமுறை தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவைப் பேச அழைத்திருந்தோம். அவர் நான்கு பக்க உரையோடு ஒத்திகைக்கு வந்தார். தெரிந்த ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. 'தேயிலைத் தொழிலாளர்தம் வாழ்வியல் சிக்கல்கள்' என்று தொடங்கி மூன்றாவது வரியிலேயே அவர் நின்றுவிட்டார். காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கொழுந்து எப்படிப் பறிப்பீர்கள் என்று காட்டச் சொன்னோம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெறும் காற்றில் இல்லாத இலையைத் தேடிப்பிடித்து ஒடித்தன. "இப்பல்லாம் கத்தரி வந்திருச்சுங்க. கையில எடுக்கறப்ப நெரையில நாங்க பேசிக்கிட்டே போவோம். கத்தரி சத்தத்துல பக்கத்துல நிக்கறவ பேசறது கேக்கறதில்ல" என்றார். அன்றைய கூடலில் மிகச் சிறந்த உரை அந்த மூன்று வாக்கியங்களிலிருந்து வளர்ந்ததுதான். காகிதம் மேடைக்கு வரவே இல்லை.

ஆகவே ஒத்திகையை எழுத்தில் தொடங்காதீர்கள். பேச்சாளரின் வேலை நடக்கும் இடத்துக்கே போய், அவர் செய்வதைப் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து உரையை அமையுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று சந்திப்புகளாவது தேவை. மூன்றாவது சந்திப்பு மட்டும் மண்டபத்தில், ஒலிபெருக்கியோடு நடக்கட்டும். தோட்டத்துப் பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற சொற்கள் அவர் வாயில் வந்தால், அவை அப்படியே வரட்டும்.

சிலர் தங்கள் தாய்மொழியில் பேச விரும்புவார்கள். தோடாவும் கோத்தாவும் மிகச் சில ஆயிரம் பேரே பேசும் திராவிட மொழிகள். படுகு பேசுவோர் பெருந்தொகையினர். மூன்றுக்கும் மரபான எழுத்து இல்லை. வாயிலும் காதிலும் வாழ்கிற மொழிகள் இவை. ஆகவே மேடையில் அவை ஒலிப்பதே ஒரு பெரிய நிகழ்வு. ஆனால் அதற்கு முறையான ஏற்பாடு வேண்டும். பேச்சாளர் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பவர் ஒரு பகுதி என்று மாறி மாறிச் சொன்னால் நேரம் இரட்டிப்பாகும். எனவே 18 நிமிட இடத்தில் எட்டு நிமிட உரையே திட்டமிடுங்கள். மொழிபெயர்ப்பவர் அதே சமூகத்தைச் சேர்ந்தவராக, பேச்சாளர் தாமே தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். அவரும் ஒத்திகைக்கு வர வேண்டும், அவர் பெயரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டும். ஆங்கிலத்தில் பேசும் விருந்தினருக்கும் இதே விதி பொருந்தும்: எட்டு நிமிடம், தமிழ் மொழிபெயர்ப்போடு. ஆங்கிலத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று விட்டால், அவையில் யாரை முக்கியமானவராகக் கருதுகிறோம் என்பதை அந்த ஒன்றே சொல்லிவிடும்.

தொகுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது குரல் வளத்தைவிட, பெயர்களைச் சரியாக உச்சரிப்பவரா என்று பாருங்கள். பேச்சாளரின் பெயரையும் ஊர்ப்பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பழக வேண்டும். அடைமொழிகள் வேண்டாம். 'மண்ணின் மைந்தர்' என்று பழங்குடியினரை மட்டும் தனியே விளிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். மற்றவர்களுக்குச் சொல்வதுபோல அவர்களுக்கும் பெயர், ஊர், செய்யும் வேலை மூன்றும் போதும்.

மேடை, இசை, சால்வை

தொடக்கம் தமிழ்த்தாய் வாழ்த்து, 55 நொடி. அதன்பின் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று ஒரு மணி நேரம் போகவிடாமல், நேராக முதல் உரைக்குப் போய்விடுங்கள். பிரமுகர்களுக்கு முன்வரிசையில் சோபா போடுவதை நிறுத்தினால் மட்டுமே கூட எவ்வளவு மாறுகிறது என்று ஒருமுறை செய்து பாருங்கள். எல்லோருக்கும் ஒரேவகை நாற்காலி. வயதானவர்களுக்கு முன்னால், கணப்புக்கு அருகில் இடம்.

இசை வேண்டுமென்றால், நிகழ்ச்சியின் ஓர் உரைக்கு உரிய முழு நேரத்தை அதற்குக் கொடுங்கள். எதை வாசிப்பது என்பதைக் கலைஞர்களே முடிவுசெய்ய வேண்டும். கோத்தரிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் இசையும் சாவுக்கு வாசிக்கும் இசையும் வேறு வேறு. எங்கோ காணொளியில் கேட்ட ஒன்றைக் குறிப்பிட்டு 'இதை வாசியுங்கள்' என்று கேட்பது பெரும்பிழையாகிவிடும். குழலைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் பேச அவர்களுக்கு விருப்பம் இருந்தால், பேசவும் வாய்ப்புக் கொடுங்கள். மண்டபத்தோடு ஒப்பந்தம் போடும்போதே பறை காய்ச்சத் தீ மூட்ட ஓர் இடம் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு தகரமும் பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருந்தால் எந்த மண்டபத்தாரும் ஒப்புக்கொள்வார்கள்.

தோடர் பூத்தையல் சால்வை வழங்கும் எண்ணம் எல்லாக் குழுவுக்கும் வரும். வெள்ளை நூல்துணியில் சிவப்பும் கறுப்புமாக இழையெண்ணித் தைக்கும் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. அதே பூத்தையல் போர்வை தோடர் இறப்புச் சடங்கில் உடலைப் போர்த்தவும் பயன்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. எந்த வடிவம் பரிசாகக் கொடுக்கத் தக்கது என்று தைப்பவரிடமே கேட்டு, அவரிடமே நேரடியாக, அவர் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். ஒரு சால்வைக்குப் பல வாரம் பிடிக்கும். எனவே மூன்று மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தக் கோலத்தைப் படமெடுத்து மேடைத் திரையில் அச்சடிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

உணவும் தண்ணீரும் பற்றிச் சுருக்கமாக: மாவட்டத்தில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் டம்ளர்களும் பெரிய பாத்திரங்களும் ஏற்பாடு செய்யுங்கள். ராகிக்களியும் அவரைக் குழம்பும் செய்யத் தெரிந்த ஒரு மகளிர் குழுவிடம் சமையலைக் கொடுங்கள். தேநீர் உள்ளூர்த் தேயிலையில் போட்டதாக இருக்கட்டும், கூடவே மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட்.

பணம் தருபவர் பட்டியலை எழுதும்போது, யாரிடம் வாங்கமாட்டோம் என்ற பட்டியலையும் அதே நாளில் எழுதிவிடுங்கள். யானை வழித்தடத்தைப் பற்றிய கூடலுக்கு மனை விற்பவரின் பதாகை வரக் கூடாது. நிதி குறையும் நேரத்தில் யோசித்தால் மனம் இளகிவிடும். ஆகவே முன்பே எழுதிக் குழு முழுவதும் கையெழுத்திடுவது நல்லது.

முடிந்த பிறகு

உரைகளைப் பதிவுசெய்ய ஒவ்வொரு பேச்சாளரிடமும் அவர் புரிந்துகொள்ளும் மொழியில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இசைக்குத் தனி ஒப்புதல். பதிவை உடனே இணையத்தில் ஏற்றாதீர்கள். முதலில் அதைப் பேச்சாளரின் ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ பள்ளியிலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்டு, ஊரார் எல்லோரும் பார்க்கட்டும். தேன் எடுக்கும் பாறையின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது, இந்த இடத்தில் பெரியவர் பெயர் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல யாராவது குறை சொல்வார்கள். சொன்ன பகுதியை வெட்டிவிடுங்கள். காரணம் கேட்டு வாதாட வேண்டாம். இதற்கென்று கூடல் முடிந்தபின் மூன்று வாரங்களை அட்டவணையில் ஒதுக்கி, வாகனச் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் முன்பே எழுதி வையுங்கள்.